மகளுக்கு டிசைனும் படிக்கணுமாம் சரித்திரமும் படிக்கணுமாம், நியூயார்க் நியூ ஸ்கூல் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

முளகுமூடு_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க மக +2 படிக்கா, பயோ மேத்ஸ் குரூப்பு, மார்க்கு நல்லா வாங்குவா, அதனால வீட்டுல எல்லாரும் நர்சிங் இல்லன்னா இன்ஜினியரிங்னு பேசி முடிச்சாச்சு. இவ மட்டும் எனக்கு துணி டிசைன் படிக்கணும், அதோட சரித்திரமும் படிக்கணும், ரெண்டையும் ஒரே எடத்துல படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா.

இது எப்படி வந்துதுன்னு சொன்னாத்தான் உங்களுக்கு புரியும். எனக்க மாமியார் லேஸ் பின்னுகவங்க, இப்ப கண்ணு சரியில்ல, ஆனாலும் சாயங்காலம் திண்ணையில அந்த உருண்டத் தலையணைய மடியில வச்சுக்கிட்டு இருப்பாங்க, மேல பேப்பர் டிசைன் விரிச்சு நெருக்க நெருக்க குண்டூசி குத்தி, நூல் சுத்துன மரக்குச்சிய ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி போடுவாங்க, கடகடன்னு சத்தம் கேட்டுட்டே இருக்கும். எனக்க மக சின்னதுல இருந்தே அதப் பாத்து வளந்தவ. போன வருசம் ஒரு நாள் கேட்டா, பாட்டி, நீங்க, உங்க அம்மா, அவங்க அம்மா எல்லாரும் இத பின்னியிருக்கீங்க, ஆனா நம்ம வீட்டு பழைய போட்டோ ஒண்ணுல கூட யாரும் லேஸ் வச்ச துணி போடலியே, ஏன்னு. மாமியாருக்கு பதில் சொல்லத் தெரியல. எனக்கும் தெரியல, நானும் தையல் மிஷின் வச்சு ரவிக்கை தைக்கிறவதான்.

அதுல இருந்துதான் இவ போன்ல தேடித் தேடி நியூயார்க்குல நியூ ஸ்கூல்னு ஒரு பல்கலைக்கழகம் இருக்கு, அங்க பார்சன்ஸ்னு டிசைன் காலேஜும் இருக்கு, கூடவே லிபரல் ஆர்ட்ஸ் காலேஜும் இருக்கு, ரெண்டு டிகிரியும் சேர்த்து 5 வருசத்துல படிக்கலாம்னு கண்டுபிடிச்சிருக்கா. நாகர்கோவில்ல ஒரு ஏஜென்ட்ட போய் கேட்டோம், 75 ஆயிரம் கட்டுங்க, 100 சதவீதம் ஸ்காலர்ஷிப் வாங்கித் தாறோம்னு சொல்லுகாரு. வீட்டுக்காரர் மஸ்கட்ல ஏசி மெக்கானிக்கா இருக்காரு, இங்க ரப்பர் நிக்க 60 சென்ட் இருக்கு, தேவைப்பட்டா அத ஈடு வைக்கலாம்னு போன்ல சொல்லிட்டாரு, ஆனா அவருக்க குரல்ல பயம் தெரிஞ்சுது.

இந்தப் படிப்பு உண்மையிலேயே நல்ல படிப்பா, லிபரல் ஆர்ட்ஸ்னா என்ன, படிச்சா வேலை கிடைக்குமா, எவ்வளவு ஆகும்? பிள்ளைக்க ஆசைய கெடுக்கவும் மனசு வரல, நிலத்த இழக்கவும் தைரியம் இல்ல.

வடசேரி_நியூயார்க்:

அக்கா, நான் வடசேரிக்காரி, பார்சன்ஸ்லதான் படிச்சேன், லாங் காலேஜ்லயும் நிறைய வகுப்பு எடுத்திருக்கேன். உங்க மக கேட்ட கேள்விய படிச்சதும் எனக்கு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத ஓடல. ஏன்னு பிறகு சொல்றேன்.

முதல்ல இது என்ன எடம்னு. நியூ ஸ்கூல் 1919ல ஆரம்பிச்சது. முதல் உலகப்போர் சமயத்துல கொலம்பியா பல்கலைக்கழகத்துல போர எதிர்த்த புரபசருங்களுக்கு நெருக்கடி வந்துச்சு, அது பிடிக்காம வெளிய வந்தவங்களும் அவங்க கூட்டாளிங்களும் சேர்ந்து தொடங்குனது. 1933ல ஹிட்லருக்கு தப்பி வந்த ஐரோப்பிய அறிஞர்களுக்கு அங்கயே ஒரு தனி பிரிவு தொறந்தாங்க. பார்சன்ஸ் வேற, அது 1896ல வில்லியம் மெரிட் சேஸ்னு ஒரு ஓவியர் தொடங்குன பள்ளி, 1970லதான் நியூ ஸ்கூலோட சேர்ந்துச்சு. லாங்ன்றதுதான் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ். லிபரல் ஆர்ட்ஸ்னா சரித்திரம், இலக்கியம், தத்துவம், சமூகவியல், பொருளாதாரம்னு பல பாடத்த கலந்து படிச்சு, ஒரு விசயத்த நாலு பக்கத்துல இருந்து பாத்து எழுதப் பழகுற படிப்பு. பிள்ளை சொல்ற 5 வருச ரெட்டை டிகிரி நிஜமாவே இருக்கு, பார்சன்ஸ்ல பிஎஃப்ஏ, அதாவது கலை டிசைன் டிகிரி, லாங்ல பிஏ.

பார்சன்ஸ் முதல் வருசத்துல ஒரு ஏற்பாடு உண்டு, ஸ்டுடியோ வகுப்பும் செமினார் வகுப்பும் ஜோடியா வரும். ஸ்டுடியோல கையால என்ன செய்றோமோ அதே விசயத்த செமினார்ல படிச்சு எழுதணும். எங்க வீட்டுல அப்பா கோயில் நகைக்கு கெம்புக்கல் பதிக்கிற வேலை, அதனால நான் ஒரு நெத்திச்சுட்டி டிசைன பெரிசா வரைஞ்சு கொண்டு போனேன். அங்க கிரிட்டிக்னு சொல்வாங்க, எல்லாரோட வேலையையும் சுவத்துல மாட்டிட்டு வகுப்பே நின்னு பேசும். ஒரு பொண்ணு கேட்டா, இத யாரு போடுவாங்கன்னு. சாமிக்கு சாத்துவாங்க, பரதநாட்டியம் ஆடுறவங்க போடுவாங்கன்னேன். செய்றவங்க போடுவாங்களான்னு கேட்டா. எங்க அம்மா கழுத்துல ஒரு நாளும் பாத்ததில்லன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. அந்த வருசம் முழுக்க நான் அதப் பத்திதான் எழுதுனேன். உங்க பிள்ளை அந்தக் கேள்விய முளகுமூட்டுல திண்ணையில உக்காந்தே கேட்டுட்டா அக்கா.

மதில் சுவர் வச்ச கேம்பஸ் கிடையாது. ஐந்தாவது அவென்யூ, 13வது 14வது தெருன்னு கட்டடம் கட்டடமா ஊருக்குள்ளயே இருக்கும், கதவத் தொறந்தா ரோடு, நாலு எட்டு வச்சா யூனியன் ஸ்கொயர் சந்தை. வாத்தியார் அடுத்த வாரம் மியூசியத்துக்கு வந்துருங்கன்னு சொல்லிட்டு பாடத்த அங்க வச்சு நடத்துவாரு. அது பெரிய சொத்து. ஆனா தனிமையும் பெரிசு, குளிர்காலத்துல நாலரைக்கே இருட்டிரும், ரூமுக்கு வந்தா பேச ஆள் இருக்காது, 18 வயசுப் பிள்ளைக்கு அது லேசு இல்ல.

பணம். டியூஷன் மட்டுமே வருசத்துக்கு 50,000 டாலருக்கு மேல. டாலர் 85 ரூபான்னு வச்சாலும் 42 லட்சத்துக்கு மேல ஆகுது. 5 வருசம்னா டியூஷனே 2 கோடிய தாண்டும், வாடகை சாப்பாடு இன்சூரன்ஸ் தனி. ஸ்காலர்ஷிப் உண்டு, வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கும் உண்டு, நம்ம விண்ணப்பத்தையும் போர்ட்ஃபோலியோவையும், அதாவது நம்ம வரைஞ்சது செஞ்சதோட தொகுப்பையும், பாத்து அவங்களே முடிவு பண்ணுவாங்க, பெரும்பாலும் ஒரு பகுதிதான் கிடைக்கும். எனக்கும் அப்படித்தான், மீதிய எங்க மாமா ஒருத்தர் நியூஜெர்சில இருந்ததால சமாளிச்சோம். 100 சதவீதம் வாங்கித் தாறேன்னு சீட்டு கிடைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு ஏஜென்ட் சொன்னா அது பொய், அந்த 75 ஆயிரத்த கட்டவே கட்டாதீங்க.

ஓய்வு_வங்கிக்காரன்:

தங்கச்சி, நான் 30 வருசம் பேங்க்ல இருந்தவன், கல்விக்கடன் பைல் நிறைய பாத்தாச்சு. நேரா சொல்லுதேன், ரப்பர் தோட்டத்த தொடாண்டாம்.

நாலு லட்சம் வரைக்கும் கடனுக்கு ஈடு கேக்க மாட்டாங்க, ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து ஈடு வேணும், அதுதான் பொதுவான வழக்கம். நீங்க 50 லட்சம் எடுத்தீங்கன்னு வைங்க, 10 சதவீத வட்டி, வருசத்துக்கு வட்டி மட்டும் 5 லட்சம். படிக்கிற காலத்துல தவணை கட்டாண்டாம்னு சொல்லுவாங்க, அத கேட்டு வட்டியே இல்லன்னு நம்ம ஆளுங்க நினைச்சுக்கிடுதாங்க, வட்டி ஓடிட்டேதான் இருக்கும். அந்த வட்டிய சேர்க்காமலே 50 லட்சத்த 10 வருசத்துல அடைக்கணும்னா மாசம் 66 ஆயிரம். அந்த 50 லட்சமும் உங்களுக்கு ஒண்ணேகால் வருசத்துக்குக் கூட காணாது. எனக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம், ஊரு சொல்ல மாட்டேன், பையன் படிப்ப பாதில விட்டுட்டு வந்தான், வீடு போச்சு. அந்த அப்பா பேங்க் வாசல்ல வந்து நின்ன நிப்பு இன்னும் எனக்கு கண்ணுல நிக்கு.

டிசைன்னா வேலை இருக்கலாம், எனக்கு அத பத்தி சொல்ல தகுதி இல்ல. ஆனா சரித்திரத்த எல்லாம் இவ்வளவு ரூபா குடுத்து படிக்கணுமா? புத்தகம் வாங்கிப் படிக்கலாமே.

குளச்சல்_கடலோரம்:

வங்கி அண்ணாச்சி சொன்ன கணக்கு நூத்துக்கு நூறு சரி. கடைசி வரியில மட்டும் எனக்கு சம்மதம் இல்ல, அதுக்கு எனக்க கதைய சொல்லணும்.

நான் நாகர்கோவில்ல பிஏ ஹிஸ்டரி படிச்சேன், பொறவு டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்துல சோஷியல் டிசைன்னு எம்.டெஸ், அதாவது டிசைன்ல மாஸ்டர்ஸ், படிச்சேன். காஷ்மீரி கேட் பக்கம் பழைய டெல்லிக்க வாசல்ல இருக்க கேம்பஸ், உள்ளுக்குள்ளயே தாரா ஷிகோ நூலகம்னு முகலாயர் காலத்துக் கட்டடம் நிக்கு, வெளிய இறங்குனா பஸ் ஸ்டாண்ட், மெட்ரோ, சந்தை. இதுவும் ஊருக்குள்ள இருக்க பல்கலைக்கழகம்தான், அரசாங்கத்தோடது, குடும்ப வருமானத்தப் பொறுத்து பீஸ் சலுகையும் இருக்கு.

2017 நவம்பர் கடைசில ஓக்கி புயல் அடிச்சப்ப எங்க கரையில இருந்து போனவங்க எத்தன பேரு திரும்பி வரலன்னு இந்த மாவட்டத்துல எல்லாருக்கும் தெரியும். அதனால புயல் எச்சரிக்கைக்கு ஒரு மொபைல் ஆப் டிசைன் பண்ணுவோம்னு முதல் செமஸ்டர்ல கொண்டு போனேன், நல்ல கலர், நல்ல ஐகான் எல்லாம். டீச்சர் அதப் பாத்துட்டு ஒண்ணுதான் சொன்னாங்க, நீ ஊருக்கு போய் பத்து பேருட்ட உக்காந்து பேசிட்டு வான்னு. எனக்க சித்தப்பாட்டயே கேட்டேன். லேய் மக்கா, கரைய விட்டு தள்ளிப் போனா சிக்னலே கிடையாது, நாங்க பத்து நாளு பதினஞ்சு நாளு ஆழ்கடல்ல கெடப்போம், உனக்க ஆப்ப எங்க வச்சு பாக்கன்னு கேட்டாரு. அவருட்ட பிறகு மணிக்கணக்கா பேசுனேன், காத்து மாறுறத எப்படி பாப்பாங்க, ஒரு போட்டுக்காரங்க இன்னொரு போட்டுக்கு எப்படி சொல்லுவாங்க, யாரு சொன்னா நம்புவாங்க, யாரு சொன்னா நம்பமாட்டாங்கன்னு. ஒருத்தர எப்படி கேள்வி கேக்கணும், கேட்டத எப்படி எழுதணும், அவங்க சொன்னதுக்கு பின்னால இருக்க சாதி, மதம், கடன், பழைய வரலாறு எல்லாத்தையும் எப்படி பாக்கணும்னு பிஏ ஹிஸ்டரியும் அங்க படிச்ச மானுடவியலும்தான் எனக்கு சொல்லித் தந்துது. அது இல்லாம நான் டிசைன் மட்டும் படிச்சிருந்தா அந்த ஆப்ப செஞ்சு ஒரு பிரைஸ் வாங்கிட்டு வந்திருப்பேன், கடல்ல ஒரு ஆளுக்கு உதவியிருக்காது.

இப்ப பிள்ளைக்க கேள்விக்கு வாறேன். சேச்சி, நம்ம ஊருக்கு லேஸ் வந்தது மிஷனரிங்க காலத்துல. 1820 வாக்குல நாகர்கோவில்ல மார்த்தா மால்ட்ன்னு ஒரு அம்மா பொண்ணுங்களுக்கு பள்ளிக்கூடம் நடத்தி லேஸும் சொல்லிக் குடுத்தாங்க, பின்னுனது வெள்ளக்காரங்களுக்கு வித்துது. அதே வருசங்கள்லதான் இதே மண்ணுல நம்ம பொண்ணுங்க மார மறைக்க குப்பாயம்னு ஒரு சட்டை போட்டதுக்கு அடிபட்டாங்க, துணிய கிழிச்செறிஞ்சாங்க. அதுதான் தோள்சீலைப் போராட்டம். 1859ல திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போட்டு அனுமதி குடுத்தாரு, அதுலயும் மேல்சாதிப் பொண்ணுங்க உடுத்துற மாதிரி உடுத்தக்கூடாதுன்னு நிபந்தனை இருந்துது. உலகத்துக்கு லேஸ் பின்னுன கைக்கு சொந்த உடம்புல ஒரு சட்டை போட உரிமை இல்லாத காலம் அது. பாட்டிக்க குடும்பத்துல என்ன நடந்துதுன்னு எனக்கு தெரியாது, அத பிள்ளைதான் கேட்டு எழுதணும். ஆனா ஃபேஷன் டிசைன் படிக்க போற ஒரு பிள்ளைக்கு இதவிட பெரிய பாடம் என்ன இருக்கு சொல்லுங்க. இத வெறும் ஹிஸ்டரிக்காரனும் முழுசா எழுத முடியாது, லேஸ் எப்படி பின்னுகாங்கன்னு அவனுக்கு தெரியாது.

அதனால ரெண்டும் சேர்த்து படிக்கணும்னு நிக்கிறது சரி. அத 18 வயசுலயே நியூயார்க்குலதான் படிக்கணும்னு இல்ல. பெங்களூர்ல அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்துல லிபரல் ஆர்ட்ஸ் இருக்கு, வருமானம் குறைஞ்ச குடும்பத்துக்கு முழு பீஸ் சலுகை வரைக்கும் குடுக்காங்க. டிசைன்னா என்ஐடி, நிஃப்ட்னு அரசாங்க டிசைன் காலேஜுங்க இருக்கு, பொறவு யுசீட்னு நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில பி.டெஸ்னு டிசைன் டிகிரி படிக்கலாம். யுசீட்டுக்கு எந்த குரூப்பும் எழுதலாம், பரிட்சை ஜனவரில. இங்க டிகிரி முடிச்சு ரெண்டு வருசம் நல்ல வேலை செஞ்சு காட்டிட்டு மாஸ்டர்ஸுக்கு வெளிநாடு போகலாம், படிக்க வேண்டிய வருசமும் குறைவு, அப்ப அவளுக்கே தெரியும் எதுக்காக போறோம்னு.

வடசேரி_நியூயார்க்:

வங்கி மாமா, நீங்க சொன்ன கடன் கணக்குல எனக்கு மறுப்பே இல்ல, நிலத்த ஈடு வைக்காதீங்கன்னுதான் நானும் சொல்லுவேன். ஆனா புத்தகம் வாங்கி படிச்சா போதும்னு சொல்லாதீங்க. புத்தகம் நானும் படிச்சேன். இருபது பேரு முன்னாடி நான் எழுதுனத வச்சு, இந்த வரிக்கு என்ன ஆதாரம்னு ஒருத்தர் கேக்கும்போதுதான் நான் யோசிக்கவே பழகுனேன். என் வேலைக்கும் அதுதான் சோறு போடுது, நான் ஒரு மியூசியத்துல கண்காட்சி டிசைன் பண்றேன், பொருள எப்படி வைக்கணும்ன்றது பாதி, அது பக்கத்துல என்ன எழுதணும்ன்றது பாதி.

அக்காவுக்கு இன்னொரு விசயம். விசாவுல படிக்கிறப்ப கேம்பஸ்க்குள்ள வாரம் 20 மணி நேரம்தான் வேலை பாக்கலாம், அதுல பீஸ் கட்ட முடியாது. படிச்சு முடிச்சா ஒரு வருசம் வேலை செய்ய அனுமதி, ஸ்டெம்னு அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு சம்பந்தப்பட்ட படிப்புக்கு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல இருக்க படிப்பா இருந்தா இன்னும் 2 வருசம். எந்தப் படிப்பு அந்த லிஸ்ட்ல இருக்குன்னு பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டு கேளுங்க. பிள்ளை ஆசைக்கு விண்ணப்பிச்சு பாக்கட்டும், ஏஜென்ட் இல்லாம அவளே செய்யலாம். எவ்வளவு ஸ்காலர்ஷிப்னு கடிதம் வந்த பிறகு முடிவெடுங்க, அது வரைக்கும் யாருக்கும் ஒரு ரூபா குடுக்காண்டாம்.

தக்கலை_டிராயிங்_சார்:

நான் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர். எங்க காலத்துல இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு படம் வரைய வந்துதுன்னா ரெண்டு வழி, மெட்ராஸ் கவின்கலைக் கல்லூரி இல்லன்னா திருவனந்தபுரம். மெட்ராஸ் கல்லூரி 1850ல தொடங்குனது, கே.சி.எஸ். பணிக்கர்னு ஒரு ஓவியர் அங்க பிரின்சிபாலா இருந்தவர், அவரு முன்ன நின்னு 1966ல உருவாக்குனதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இப்பவும் அங்க அரசாங்க பீஸ்தான். இதையும் பட்டியல்ல சேருங்க, அரசுக் கல்லூரின்னு குறைச்சலா நினைக்காண்டாம்.

எங்க போனாலும் பிள்ளைக்க கையில போர்ட்ஃபோலியோ வேணும். நம்ம பிள்ளைங்க செய்யுற தப்பு என்னன்னா நெட்ல உள்ள படத்த பாத்து அச்சு அசலா வரைஞ்சு கொண்டு போவாங்க, நடிகர் முகம், மயில், கிராமத்துப் பொண்ணு. கைத்திறன் இருக்குன்னு தெரியும், பிள்ளை என்ன யோசிக்கான்னு தெரியாது. பாட்டிக்க கைய வரையச் சொல்லுங்க. ஒரே கைய முப்பது தடவ, குச்சிய தூக்கையில விரல் எப்படி இருக்கு, ஊசி குத்தையில எப்படி இருக்குன்னு. அந்த கிழிஞ்ச பேப்பர் டிசைன, ஊசி குத்துன ஓட்டையோட, பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து சேருங்க. தப்பா வரைஞ்ச தாளையும் தூரப் போடாண்டாம், எப்படி யோசிச்சு வந்தான்னு அதுலதான் தெரியும்.

பொறவு பத்மநாபபுரம் கொட்டாரம். பக்கத்துல இருக்கதால நாம ஸ்கூல் டூர்ல ஒரு தடவ போனதோட சரி. பூமுகத்துல, அதாவது முன்வாசல் மண்டபத்துல, தலைய நிமித்தி பாருங்க மக்ளே, மரக்கூரையில 90 பூ, ஒண்ணு போல ஒண்ணு இல்ல. கீழ குனிஞ்சா கண்ணாடி கணக்கா மின்னுற கறுத்த தரை, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளை, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து போட்டதுன்னு சொல்லுவாங்க, இன்னைக்கும் கால் வச்சா குளிரும். அந்தத் தரைய போட்டவன் வேதியியலும் அறிஞ்சவன், வெயிலும் மழையும் அறிஞ்சவன், அழகும் அறிஞ்சவன். 1956ல நாம தமிழ்நாட்டோட சேர்ந்த பொறவும் அந்த அரண்மனை கேரளத்துக்க கையில இருக்கு, அதுவும் ஒரு பாடம்தான். பிள்ளைய கூட்டிட்டு வாங்க, நான் ஒண்ணும் பீஸ் வாங்க மாட்டேன், கூட நின்னு பாக்கச் சொல்லித் தாறேன்.

முளகுமூடு_அம்மா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்லன்னு தெரியல. நேத்து ராத்திரி முழுசும் மகளுக்கும் மாமியாருக்கும் வாசிச்சுக் காட்டுனேன். அந்த தோள்சீலை விசயம் வந்தப்ப மாமியார் கண்ண துடைச்சாங்க, பொறவு மெல்ல, எனக்க அம்மைக்க அம்மை இதப் பத்தி என்னவோ பாடுவாங்கன்னு சொல்லி ரெண்டு வரி பாடுனாங்க, பாதியில மறந்து போச்சு. மக உடனே போன எடுத்து ரெக்கார்ட் பண்ணிட்டா.

வீட்டுக்காரருட்ட பேசியாச்சு, நிலத்த ஈடு வைக்கல, ஏஜென்ட்ட வரலன்னு சொல்லியாச்சு. யுசீட்டும் நிஃப்ட்டும் எழுதுகா, அசீம் பிரேம்ஜிக்கும் போடுகா. நியூ ஸ்கூலுக்கும் அவளே விண்ணப்பம் போடட்டும்னு விட்டாச்சு, கடிதம் வந்தா இங்க வந்து சொல்லுகேன்.

சார், சனிக்கிழமை கொட்டாரத்துக்கு வரலாமா? மாமியாரும் வரணும்னு சொல்லுகாங்க, படி ஏற முடியுமான்னுதான் தெரியல.

தக்கலை_டிராயிங்_சார்:

சனிக்கிழமை சரி, திங்கள்தான் லீவு. ஒம்பதரைக்கு வாசல்ல நிப்பேன். உள்ள படி எல்லாம் செங்குத்தா ஒடுக்கமா இருக்கும், பாட்டி பூமுகத்துலயே இருக்கட்டும், அந்த 90 பூவையும் அங்க இருந்தே பாக்கலாம். பிள்ளை ஒரு பெரிய நோட்டும் 4பி பென்சிலும் கொண்டு வரட்டும், ரப்பர் கொண்டு வராண்டாம்.